இடது பக்கத்துப் பெடல்

அடுகோடியில் நாலு தகரத்தை நிறுத்தி ஆரம்பித்து, இன்றைக்கு மூன்று ஷட்டர் போட்ட ஒர்க்‌ஷாப்பாக ஆக்கியிருப்பவன் நான். அதன் பின்னால் மாடி வீடு எழுப்பியவனும் நான்தான். பேங்க்காரன் முகம் கொடுக்கவில்லை, இடத்துக்காரன் கரண்ட்டைப் பிடுங்கினான், கூட்டாளி வெல்டிங் மெஷினோடு ஓடினான். ஒன்றும் என்னை நிறுத்தவில்லை. ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவன், ஐந்தாம் வகுப்பை முழுசாகப் பார்க்காதவன். ஆனால் ஹெப்பகோடியிலிருந்து லிங்கராஜபுரம் வரைக்கும் எந்த டிரைவிங் ஸ்கூல் வண்டியை வேண்டுமானாலும் நிறுத்திக் குனிந்து பாருங்கள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்தில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் இருக்கும். அந்தப் பெடல்களை டிரைவர் பக்கத்துப் பெடல்களோடு சேர்க்கிற ராடும் பின்னும் அநேகமாக என் கைவேலை. இத்தனை வருஷத்தில் என் பின் ஒன்றுகூடக் கழன்றதில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்தவன் ஒரு வீடியோவும் எடுத்தேன். அதைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆகவே நானே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் மேடத்தைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், மேடம் போதும். லிங்கராஜபுரத்தில் மேடம் என்றால் அவர் ஒருத்தர்தான்.

டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் ஒரே வண்டி, ஒரே வாத்தியார், அவ்வளவுதான். காட்டன் புடவை, பின் குத்திய முந்தானை, காலில் பட்டை வைத்த செருப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு வகுப்பு எடுப்பார். பயந்தவர்கள்தான் அவரிடம் வருவார்கள். ஸ்டியரிங்கைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்ப்பவர்கள், வேறு இரண்டு ஸ்கூலில் திட்டு வாங்கி அழுதுகொண்டு வந்தவர்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஆசை வந்தவர்கள். எல்லாரும் ஓட்டினார்கள். எல்லாருமே! எப்படி என்று கேளுங்கள்.

மேம்பாலத்து ஏற்றத்தில் முன்னால் பஸ் நிற்கும், பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கும். ஸ்டூடண்ட் நடுங்குவார். மேடம் கத்துவார்: "கிளட்ச்சு, கிளட்ச்சு! தூக்கம் வருதா, பாய் போடட்டுமா?" கத்திக்கொண்டே தன் பக்கத்துக் கிளட்ச்சையும் பிரேக்கையும் பூனை மாதிரி அமுக்குவார். டிரைவர் பக்கத்துப் பெடல்களும் கூடவே கீழே இறங்கும். அவற்றின்மேல் ஸ்டூடண்டின் கால் இருக்கும் அல்லவா, அவருக்குத் தான் அமுக்கியதாகவே தோன்றும். வண்டி பின்னால் உருளாமல் அழகாக நிற்கும்.

"மேடம், நீங்களா நிறுத்தினீங்க?"

"நானா? நான் தொடவே இல்ல. சாட்சாத் நீங்கதான்."

இதுதான் மேடம். செய்வது அவர், செய்யவில்லை என்று சொல்வதும் அவர். அந்த ஒரு பொய்யை வைத்து அரை லிங்கராஜபுரத்தை ரோட்டில் இறக்கிவிட்டார்.

எனக்கு இது தெரியவந்தது ரப்பரால். பெடலுக்கு மேல் ரப்பர் உறை இருக்கும். எல்லா ஸ்கூல் வண்டியிலும் டிரைவர் பக்கத்து உறைதான் முதலில் தேயும். மேடத்தின் வண்டியில் மட்டும் இடது பக்கத்து உறை தேய்ந்து இரும்பு பல்லிளித்தது.

"மேடம், தொடவே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. ரப்பரு தேஞ்சு தகடா போச்சே?" என்றேன்.

பின் சீட்டில் ஒரு ஸ்டூடண்ட் உட்கார்ந்திருந்தார். மேடம் முறைத்த முறையில் நானே தேய்ந்துபோனேன். "மேஸ்திரி, ரப்பர மாத்துங்க, வாயை மூடுங்க. காலுக்குப் பயம் கிடையாது, தலைக்குத்தான். தலைய ஏமாத்திட்டா காலு தானா கத்துக்கும்."

என்னையே ஏமாற்றியவர். புதுப் பெடல் பொருத்திவிட்டு ஒருமுறை நான் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில். கல்யாண மண்டபத்துச் சந்திலிருந்து ஒரு ஆட்டோக்காரன் அம்பு மாதிரி வந்தான். வண்டி சரக்கென்று நின்றது. "பாத்தீங்களா மேடம் என் ரிஃப்ளெக்ஸை!" என்றேன். "சூப்பர் மேஸ்திரி" என்றார். பெடல் பொருத்தியவனே நான். அன்றைக்கு நின்றது என் காலாலா அவர் காலாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் காலால்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவரிடமிருந்து ஒரு நாள் காலை போன் வந்தது. "மேஸ்திரி, உங்க கிளட்ச் பின்னு கழண்டுபோச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் பின்னா? "என்னா மேடம் சொல்றீங்க?"

"நான் கிளட்ச் அமுத்திட்டேன். வண்டி ஆஃப் ஆயிடுச்சு. உங்க வேலைதான் சரியில்ல." நாக்கில் வெல்லம் ஒட்டினாற்போலப் பேச்சு குழைந்தது. அதற்குள் போனை யாரோ பிடுங்கினார்கள். அன்றைக்கு வண்டி ஓட்டிய ஸ்டூடண்ட், ஒரு அம்மா. "அண்ணா, மேடத்துக்கு வாய் ஒரு பக்கமா இழுக்குது. கேட்டா ஒண்ணுமில்லங்கறாங்க, வண்டிய எடுங்கறாங்க. நான் என்னா பண்ண?"

"அவங்க சொல்றத கேக்காதம்மா! ஆட்டோவப் புடி, ஆஸ்பத்திரிக்கு ஓடு!" என்று என் ஒர்க்‌ஷாப் கூரை அதிரக் கத்தினேன். இதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதம். மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து, உடம்பின் இடது பக்கம் விழுந்துவிட்டது. இடது கை, இடது கால். கியர் போடும் கை, கிளட்ச் அமுக்கும் கால். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். நான் பார்க்கப் போனபோது மேடம் தலையணையில் சாய்ந்து, ராணி மாதிரி, "மேஸ்திரி, பின்னு மாத்தியாச்சா?" என்றார்.

டாக்டரம்மா வந்தார். கன்னடம் கலந்த நல்ல தமிழ். "எங்கே மேடம், ரெண்டு கையும் தூக்குங்க."

வலது கை மேலே போனது. இடது கை போர்வைமேல் கிடந்தது.

"இடது கை?"

"தூக்கிருக்கேனே."

"சரி, ஒருதரம் கை தட்டுங்க."

மேடம் வலது கையைக் காற்றில் வீசி நடுவில் நிறுத்தினார். அந்தப் பக்கம் சேர்வதற்குக் கையே வரவில்லை.

"சத்தம் கேட்டுச்சா மேடம்?"

"உங்களுக்குக் கேக்கலியா?" என்று மேடம் டாக்டரையே இரக்கத்தோடு பார்த்தார்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அவர் மகளும் கண்ணீரோடு சிரித்தாள். எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், ஒரே மகள். வெளியே வந்ததும் சொன்னாள்: "பாத்தீங்களா அங்கிள், இப்பக்கூட எங்களுக்குத் தைரியம் சொல்றாங்க. மம்மி அப்படித்தான். நாங்க பயப்படக்கூடாதுன்னு நடிக்கிறாங்க."

எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். வேறெப்படி நினைப்போம்? ஆயுசு முழுக்க அந்த நல்ல பொய்யைச் சொல்லிப் பிழைத்தவர் ஆயிற்றே. அதனால் வீட்டுக்கு வந்த பிறகு நாங்களும் அதே பொய்யைத் திருப்பிச் சொன்னோம். "தூக்கிட்டேன் பாரு" என்பார். "ஆமா மம்மி, சூப்பரா தூக்கிட்டீங்க" என்பாள் மகள். பழைய ஸ்டூடண்டுகள் ஆப்பிளோடு வந்து, "மேடம் முன்ன மாதிரியே இருக்கீங்க" என்பார்கள். கைகால் பயிற்சி கொடுக்க வந்த பையனை மேடம் வாசலோடு அனுப்பினார்: "எனக்கெதுக்குப்பா? முடியாதவங்க யாராச்சும் இருப்பாங்க, அங்க போய்ச் செய்."

ஒரு காலை, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கட்டிலிலிருந்து விறுவிறுவென்று எழுந்தார். இரண்டு காலாலும் எழுந்ததாக அவர் நினைப்பு. எழுந்தது ஒரு கால். அலமாரிக் கண்ணாடியோடு கீழே போனார். புருவத்துக்கு மேல் தையல். அப்போதும், "தரை வழுக்குது, யாரு தண்ணி ஊத்தினது?" என்றார்.

அன்றுதான் எங்களுக்குச் சிரிப்பு நின்றது. டாக்டரம்மாவிடம் மகளோடு நானும் போனேன்.

"நடிப்பு இல்லம்மா. பிடிவாதமும் இல்ல," என்றார் டாக்டரம்மா. "மூளை கைகாலுக்கு உத்தரவு போடுது. அந்த உத்தரவு போனதுமே, நடந்துடுச்சுங்கற நினைப்பும் தயாராயிடுது. நமக்கெல்லாம் அப்புறமா, 'இல்லியே, அசையலியே'ன்னு சேதி திரும்பி வந்து அந்த நினைப்பைத் திருத்தும். இவங்களுக்கு அந்தப் பாதைகள் அறுந்திருக்கு. ஒண்ணு இல்ல, சிலது. அசைவைத் திட்டம் போடற இடத்தைச் சேர்க்கறது, தன் உடம்பு மேல கவனத்தைத் திருப்பறது, நம்பினது தப்புன்னா அதை மாத்திக்க வைக்கறது. கண்ணால பாத்தாலும் உள்ள போய்ச் சேராது."

எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. "டாக்டர்! ஒரு டிரைவர் பெடல அமுத்திட்டான், ராடு அறுந்துபோச்சு, ஆனா வண்டி நின்னுடுச்சுன்னே நினைச்சிட்டிருக்கான். அதானே?"

"கிட்டத்தட்ட அதான். ஆனா உங்க டிரைவர் வண்டி ஓடறதைப் பாத்ததும் அலறுவான். இவங்க அலற மாட்டாங்க. அதான் ஆபத்து. பல பேருக்கு நாளாக ஆகத் தானா தெளியும். அதுக்குள்ள இன்னொரு தரம் விழுந்து இடுப்பு உடைஞ்சா படுக்கைதான். பயிற்சியும் செய்யாம நாள் போகுது."

"எப்படித்தான் புரியவைக்கறது?" மகள் கேட்டாள்.

"கண்ணாடில காட்டிப் பாத்தோம், ஒத்துக்கல. சில பேருக்கு வீடியோ எடுத்து, வெளி ஆளு பாக்கற மாதிரி காட்டினா புரியும். சில பேருக்குப் புரியாது. கேலி பண்ற மாதிரி இருக்கக்கூடாது. திடீர்னு புரிஞ்சா உடைஞ்சுபோவாங்க, கூடவே இருக்கணும்."

வீடியோ என்று முதலில் சொன்னது டாக்டரம்மாதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மகள் வீட்டில் எடுத்த வீடியோ எடுபடவில்லை. கட்டிலில் எடுத்தாள், அழுதுகொண்டே எடுத்தாள். மேடம் பார்த்துவிட்டு, "புடவை சரியில்ல, போனை ஆட்டாத" என்றார், அவ்வளவுதான். டாக்டருக்கு மூளை தெரியும். மகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். மேடம் எதைப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்! மேடம் ஆயுசில் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தியதில்லை. ஸ்டூடண்ட் ஏறியதும் அவர் கண் நேரே காலுக்குப் போகும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மேடத்தின் வண்டியை அவர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தேன். நான் கூப்பிட்டு வந்த பயிற்சிப் பையனும் மகளுமாக அவரை மெதுவாகத் தூக்கி இடது சீட்டில் உட்காரவைத்தார்கள். இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக் போட்டாயிற்று, சக்கரத்துக்குக் கல்லும் வைத்தாயிற்று. இடது கதவை அகலத் திறந்து, வெளியே ஸ்டூலில் ஒரு செங்கல், செங்கலில் சாய்த்து என் போன். முகமும் தெரிய வேண்டும், காலும் பெடலும் தெரிய வேண்டும். நாலு தரம் இறங்கி ஏறிக் கோணத்தைச் சரிசெய்தேன். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

"மேடம், பின்னு டெஸ்ட் பண்ணணும். கிளட்ச் அமுத்துங்க."

"அமுத்திட்டேன்."

என் பக்கத்துப் பெடல் அசையவில்லை.

"இன்னொரு தரம்."

"அமுத்திட்டேன்யா! பின்னு போச்சுன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

குனிந்து அவர் பக்கத்துப் பெடலை என் கையால் அமுக்கினேன். என் பக்கம் சர்ரென்று இறங்கியது. "பாருங்க, பின்னு இருக்கு."

"இப்ப சரி பண்ணிட்டீங்க, அதான்" என்றார் கூசாமல்.

எனக்கு வந்ததே ஒரு ஆவேசம். டாக்டரம்மா சொன்ன கேலி இல்லை அது, சத்தியமாக இல்லை. அவர் பாஷையிலேயே கத்தினேன்: "கிளட்ச்சு, கிளட்ச்சு! தூக்கம் வருதா, பாய் போடட்டுமா?"

மேடத்தின் முகம் அப்படியே வாத்தியார் முகமானது. "அமுத்திட்டேன்! அமுத்திட்டேன்!"

போதும் என்று இறங்கி, போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "மேடம், இதக் கொஞ்சம் பாருங்க. தப்பு எங்கன்னு சொல்லுங்க." வேறெதுவும் சொல்லவில்லை.

நான் நினைத்த மாதிரியே கண் காலுக்குப் போனது.

"இடது காலை எங்க வச்சிருக்கு பாரு," என்றார். "பெடல் மேலயே இல்ல. செருப்பு திரும்பிக் கிடக்கு. இதுல அமுத்திட்டேன்னு வேற சொல்லுது. யாரு மேஸ்திரி இது, புது..."

நிறுத்தினார். போனில் அவர் குரல் இன்னொரு தரம் "அமுத்திட்டேன்" என்றது.

"திரும்பப் போடுங்க."

போட்டேன்.

"இன்னொரு தரம்."

போட்டேன். மகள் வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடம் போனை மடியில் வைத்துவிட்டு, வலது கையால் இடது கையைத் தேடி எடுத்தார். தூக்கினார். விட்டார். அது விழுந்தது.

"இது நானு," என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "நீ தூக்கிட்டீங்கன்னு சொன்னியேடி?"

மகள் அழுதுவிட்டாள். "நீங்க ஸ்டூடண்டுக்குச் சொல்ற மாதிரி... நீங்க தைரியமா இருக்கணும்னு..."

"ஸ்டூடண்டுக்குப் பக்கத்துல நான் இருந்தேன்டி. என் காலுக்கடில பெடல் இருந்துச்சு. என் பக்கத்துல யாருடி பெடலோட உக்காந்திருந்தா?"

நான் இத்தனை வருஷம் இரும்போடு பழகியவன். அந்தக் கேள்வி மாதிரி ஒரு அடி எதிலும் வாங்கியதில்லை. மகள் சீட்டோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டாள். மேடம் வெகுநேரம் அழுதார். புருஷன் போனபோதுகூட வாசலில் நின்று வந்தவர்களுக்குத் தைரியம் சொன்னவர் என்பார்கள். அன்றைக்கு அழுதார்.

மறுநாள் காலையில் கொஞ்சம் பழையபடி ஆகிவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். "கால் சரியா இருக்கு" என்று ஆரம்பித்தார். மகள் ஆமாம் போடவில்லை. வீடியோவைப் போட்டாள். பார்த்துவிட்டு, "ம், நான்தான்" என்றார். அதற்கப்புறம் வழுக்கவில்லை. பயிற்சிப் பையனை அவரே போன் போட்டுக் கூப்பிட்டார். எழுந்திருக்கும் முன்னால் இடது காலைக் குனிந்து பார்த்து, "சொல்ப இரு, கொஞ்சம் பொறு, இன்னும் ரெடியாகல" என்று அதற்குச் சொல்லிவிட்டுத்தான் எழுவார். கை கடைசிவரை சரியாகவில்லை. கால் வந்தது. கோல் ஊன்றிக் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, நடந்தே போனார். வண்டியை விற்றார். நான்தான் பெடல்களைக் கழற்றினேன். பின் புத்தம் புதுசு மாதிரி இருந்தது, காட்டினேன். "சரி சரி, பின்னு நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த வாய் அப்படி ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். வேறு காரணம், இருதயம். போவதற்கு வெகு முன்பே டாக்டரம்மா அவரிடம் கேட்டிருந்தார்: இதே மாதிரி நடிக்கிறார்கள் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கிற நோயாளிகள் நிறைய, அந்தக் குடும்பங்களுக்கு இந்த வீடியோவைக் காட்டலாமா என்று. மேடம், "தாராளமா காட்டுங்க, மூஞ்சிய மறைக்காதீங்க" என்றார்.

காட்டுகிறார்கள். மகளும் போய்ப் பேசுகிறாள். நல்லது, சந்தோஷம். போன மாதம் ஆஸ்பத்திரியில் அப்படிக் காட்டும்போது என்னையும் உட்கார வைத்தார்கள், கடைசி வரிசையில். திரையில் மேடம் வந்தார். "அமுத்திட்டேன்" என்றார். "அமுத்திட்டேன்யா" என்றார். என் குரலைக் காணோம்! வெட்டியிருக்கிறார்கள். கேட்டால், "அங்கிள், அந்தப் பாய் போடற பேச்சு மரியாதையா இல்லைன்னு எடுத்துட்டோம்" என்கிறாள் மகள். முடிவில் எல்லாருக்கும் நன்றி வந்தது. டாக்டர், பயிற்சிக்காரர், கர்த்தர். செங்கல் வைத்தவன் வரவில்லை.

பெயர் வேண்டாம் என்று பெருந்தன்மை பேசுகிற ஆள் நான் இல்லை. பெயர் வேண்டும். எழுத்து பெரிசாகவே வேண்டும். ஆனால் பெயரைப் போடாவிட்டால்கூடப் போகட்டும், என் குரலைத் திருப்பிப் போடுங்கள். அது இல்லாமல் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு, யாரும் கேட்காமலே தனியாக உளறுகிற ஒரு அம்மாள்தான் தெரிகிறார். அன்றைக்கு என் பக்கத்தில் இருந்த மேடம் உளறவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஒருத்தன் கேட்டான், தன் காலை முழுசாக நம்பி அவர் பதில் சொன்னார். கேட்டவன் நான். போடுங்கள்.